ஒரு முழம் காகித மல்லி

"ஊருக்கா, பௌதி?" என்று, வங்காளியில் அண்ணி முறை சொல்லி, பூக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவரை நிறுத்தச் சொன்னபோதும் இதையேதான் கேட்டார், நானும் இதையேதான் சொன்னேன். தமிழர்கள் பூவை நிறுத்தினால் ஊருக்கு ரயில் ஏறப் போகிறார்கள் என்றுதான் அவருக்குக் கணக்கு. அப்பளமும் ஊறுகாயும் வாங்கிக்கொண்டு திரும்பி வருவோம், மறுபடி பூ போடச் சொல்வோம். சைக்கிள் கூடையிலிருந்து ஒரு பையை எடுத்து, "இன்னைக்கு மட்டும் வச்சுக்குங்க" என்று நீட்டினார். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு மாடி ஏறினேன்.

சால்ட் லேக்கில் எங்கள் அரசாங்கக் குடியிருப்பில் பூ வருகிற விதம் இதுதான். நாங்கள் எழுந்திருக்கும் முன்பே அவர் மாடி மாடியாக ஏறி, மெல்லிய பிளாஸ்டிக் பைகளில் அன்றைய பூவைப் போட்டு, கதவுக் கைப்பிடிகளில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். செம்பருத்தி, கொஞ்சம் துளசி, அறுகம்புல், ஒரு பிடி மஞ்சள் பூ. இங்கே காதா என்கிற அந்தப் பூவை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கேந்தி என்போம். கதவைத் திறந்ததும் முதலில் கை படுவது அந்தப் பையின் ஈரத்தில்தான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் காலை என்றால் அந்த ஈரம்தான்.

முதல் தடவை அது நின்றது என் மகளுக்கு இரத்தப் புற்று என்று தெரிந்தபோது. துர்கா பூஜையில் சிநேகிதிகளோடு பந்தல் பந்தலாகச் சுற்றப் போனவள், இரண்டாவது பந்தலிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று வண்டி பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகத் தடம். கூட்டத்தில் இடிபட்டிருப்பாள் என்று நான் எண்ணெய் தடவினேன். ஜாதவ்பூரில் கல்லூரியில் சேர்ந்து அப்போதுதான் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. பூஜை விடுமுறை முடிந்து சிநேகிதிகள் வகுப்புக்குப் போனார்கள். அவள் வார்டுக்குப் போனாள்.

முதல் சுற்று மருந்து முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு சிஸ்டர் எங்களை உட்காரவைத்து, எது கூடும் எது கூடாது என்று சொன்னார். பச்சைக் காய்கறி கூடாது. தோல் உரிக்காத பழம் கூடாது. கூட்டம் கூடாது. பிறகு, "வீட்ல பூ வைப்பீங்களா?" என்றார். "சாமிக்கு மட்டும்" என்றார் என் கணவர், ஏதோ குற்றத்தைக் குறைத்துச் சொல்கிறவர்போல. "அதுவும் வேண்டாம். பூவுல, தொட்டி மண்ணுல எல்லாம் பூஞ்சை இருக்கும். நமக்கு ஒண்ணும் பண்ணாது. அவளுக்கு இப்ப எதிர்ப்புச் சக்தியே இல்லை."

அன்றே பூவை நிறுத்தினோம். பால்கனியில் இருந்த துளசித் தொட்டியை மேல்வீட்டு அம்மாள் வந்து தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். எங்களுக்கு இருபது வருஷப் பழக்கம். எனக்குத் தீதி, அதாவது அக்கா. மகளுக்குக் காக்கிமா, நம் சித்தி மாதிரி. என் மகளுக்கு முதன்முதலில் வங்காளி பேசக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். இன்றைக்கும் மகளுக்குத் தமிழைவிட அதுதான் சரளம். "ரோஜ் ஜொல் தேபோ" என்று தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினார். தினமும் தண்ணீர் விடுவாராம். நான் கேட்டது போலவும் அவர் வாக்குக் கொடுப்பது போலவும் இருந்தது.

வசந்த பஞ்சமி வந்தது. இங்கே அன்று சரஸ்வதி பூஜை. பெண் பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிற நாள். மகளுக்கு அந்த முறை இறங்க முடியாது. முதல் நாள் அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ம்மா, பூ இல்லாம எப்படி அஞ்சலி பண்றது?" என்று கேட்டாள். பூவைக் கையில் ஏந்தி மந்திரம் சொல்லிச் சாமி காலில் போடுவதுதான் இங்கே அஞ்சலி. "மனசால பண்ணு" என்றேன். "மனசால பண்ணா பரீட்சையிலயும் மனசாலதான் மார்க் போடுவா" என்றாள். சரஸ்வதிக்குப் பலாஷ் வேண்டும் என்பது இங்குள்ள பிள்ளைகளின் நம்பிக்கை. நெருப்புத் துண்டு மாதிரி இருக்கும், நம் ஊரில் புரசு என்கிற பூ.

அவள் சின்னவளாக இருந்தபோது குடியிருப்புப் பிள்ளைகள் சேர்ந்து வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டிச் சங்கிலி சங்கிலியாகப் பூஜைக்குக் கட்டுவார்கள். அதை நினைத்துத்தான் அவள் அப்பாவிடம் காகிதம் கேட்டாள். அவர் கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். இரண்டு பஸ் மாறி வருகிறவர், நடுவில் இறங்கி ஒரு பை நிறைய சுருக்கக் காகிதம் வாங்கிவந்தார். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை. சுருளாகச் சுற்றி வைத்த காகிதம், இழுத்தால் ரப்பர்போல நீளும்.

நான் அதைக் கதவருகிலேயே வாங்கி, கைக்கு அடிக்கிற ஸ்பிரிட்டை எடுத்து ஒவ்வொரு சுருளுக்கும் அடித்தேன். அப்போது எனக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். காய்கறிக்கு, செருப்புக்கு, கதவு மணிக்கு.

"காகிதத்துக்குக் காய்ச்சல் வந்துருமாம்மா?" என்றாள்.

"பேசாம இருட்டி."

"அப்பாவுக்கும் ஒரு தடவை அடிச்சிரு. அவர்தான் ரெண்டு பஸ்ல வந்திருக்கார்."

அவர் நிஜமாகவே சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார்.

கேந்தி செய்வது சுலபம். ஆரஞ்சுக் காகிதத்தை விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, ஒரு ஓரத்தைச் சீப்புப் பல்லாகக் கத்தரித்து, சுருட்டி, அடியில் நூல் கட்டி உதறினால் பூ. பலாஷ்தான் வரவில்லை. அது கிளிமூக்கு மாதிரி வளைய வேண்டும். மகள் ஒவ்வொரு இதழையும் கட்டைவிரலால் இழுத்து வளைத்தாள். நூல் கட்டும்வரை காகிதம் விரிந்துவிடாமல் இருக்க நுனியை உதட்டில் கவ்விக்கொண்டாள். செய்யாதே என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது பார்த்தேன். உதட்டில் இரத்தம். கீழ் உதட்டில், பல் இடுக்கில், முகவாயில் ஒரு கோடு.

தட்டணுக்கள் குறைந்திருக்கும், ஈறில் இரத்தம் வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் போட்ட சத்தம் மாடிப்படி முழுக்கக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அவர் ஒரு கையில் போனில் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் மருத்துவமனைப் பையைத் தேடினார். நான் அவள் முகவாயைப் பிடித்துத் துண்டால் அழுத்தினேன். அவள் என் கையை விலக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. கடைசியில் என் கையைத் திருப்பி என் கண்ணுக்கு நேரே காட்டினாள். என் விரல் பூராவும் அதே சிவப்பு. பாத்திரம் துலக்கும்போதே இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

"அம்மா. இது பலாஷ்."

சுருக்கக் காகிதத்தில் ஈரம் பட்டால் சாயம் போகும். நான் அடித்த ஸ்பிரிட் அதைத் தளர்த்தியிருந்தது. மீதியை அவள் எச்சில் செய்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள். அது மஞ்சளாக இருந்தது. அவர் போனில், "இல்ல சார், ஸாரி சார், பேப்பர் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பு தாங்காமல் அவளுக்கு இருமல் வந்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. வெளியே வந்தபோது அவர் முகம் நன்றாகக் கழுவப்பட்டிருந்தது.

பூஜைக்கு அந்தப் பூக்களையே வைத்தோம். அது முடிந்ததும் சிவப்பையும் ஆரஞ்சையும் நான் குப்பையில் போட்டேன். "இனிமே இந்த வீட்ல வெள்ளைக் காகிதம்தான்" என்றேன். அதில் சாயம் இல்லை. அதில் சிவப்பு பட்டால் அது எதுவென்று எனக்குச் சந்தேகம் வராது.

வெள்ளையில் என்ன செய்வது? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்குக்குப் பஞ்சைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் திரி திரிப்பேன். ஒருநாள் பஞ்சுக்குப் பதில் சின்னச் சதுரமாக வெட்டிய மெல்லிய காகிதத்தை அதேபோல் மூலையிலிருந்து திரித்துப் பார்த்தேன். தலை கொஞ்சம் உப்பலாக, கீழே காம்பு மெலிந்து, மல்லி மொட்டு.

"ஏய், இது நல்லாருக்கே" என்று மகள் கட்டிலிலிருந்து இறங்கி வந்தாள்.

அந்த நாட்களில் அவளுக்கு விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை. ஒரு மருந்து அப்படிச் செய்யும் என்றார்கள். சட்டைப் பொத்தான் போட முடியாது, பேனா பிடித்தால் நழுவும். விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் காகிதத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் திரிப்பாள். பார்வை ஜன்னலுக்குப் போனால் கையிலிருப்பது கீழே விழுந்திருக்கும், அது விழுந்ததே தெரியாமல் வெறும் விரல்களைத் திரித்துக்கொண்டிருப்பாள். நான் பார்க்காதது போல் எடுத்து மடியில் போடுவேன். அவள் மொட்டுகள் தளர்வாக, கொஞ்சம் வாய் திறந்து இருக்கும். என்னுடையவை இறுக்கமாகத் திரி மாதிரியே இருக்கும்.

தொடுப்பதில் வேறு சிக்கல். மல்லிகையை நூலில் தொடுக்கும்போது காம்பின் ஈரமே முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். காகிதக் காம்பு நழுவும். நழுவுகிறதே என்று நூலை இழுத்து இறுக்கினால் காம்பு அறுந்து மொட்டு கையோடு வந்துவிடும். எத்தனையோ மொட்டு அப்படிப் போயிற்று. கடைசியில் நூலுக்கு மெழுகு தடவி, சுற்றிவிட்டு இழுக்காமல் விட்டால் நிற்கிறது என்று கண்டுபிடித்தோம்.

"இழுக்காதம்மா. இழுக்காத. உன் கை சும்மாவே இருக்காதா?" என்று அவள் அதட்டுவாள்.

வெளியே குயில் கத்தும். குடியிருப்புக்குப் பின்னால் இலவ மரம் பூத்திருந்தது. ஜன்னல்களை நான் மூடியே வைத்திருந்தேன். மார்ச் மாதம் முழுவதும் அந்த மூடிய அறையில் மெழுகு வாசனையும் மருந்து வாசனையுமாக நாங்கள் மல்லி திரித்தோம். சாமி அலமாரிக்கு, வாசல் நிலைக்கு, அவள் கட்டில் தலைமாட்டுக்கு. இங்கே டோல் என்கிற ஹோலி வந்து போனது. கீழே பிள்ளைகள் வண்ணப் பொடியை வீசிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் வீட்டில் எல்லாம் வெள்ளையாக இருந்தது.

சித்திரை முதல் நாளுக்கென்று தனியாக ஒரு சரம் வேண்டும் என்று அவளே சொன்னாள். நெருக்கமாக, நல்ல மொட்டாகப் பொறுக்கித் தொடுத்தோம். "எவ்வளவு?" என்றேன். "ஒரு முழம்." "யார் முழம்?" அவள் கையை நீட்டினாள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை சரத்தைப் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கை மெலிந்திருந்தது, ஆனால் நீளம் என்னவோ குறையவில்லை. என் கையைவிட அரை விரல் அதிகம். எப்போது என்னை மிஞ்சி வளர்ந்தாள் என்று நான் கவனித்திருக்கவில்லை.

சித்திரைப் பிறப்பன்று காலையில் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பழக்கம். நானும் பழக்கத்தில் சரத்தை எடுத்துக் கொண்டையூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தேன். அங்கே முடி இல்லை. தெரியாததா? தினமும் அந்தத் தலைக்கு எண்ணெய் தொட்டு வைக்கிறவள் நான்தான். ஆனாலும் இரண்டு பேருக்கும் ஒரு கணம் அது மறந்திருந்தது. ஊசியைப் பல்லிலிருந்து எடுக்க எனக்கு நேரமாயிற்று.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து கூடத்துக்குப் போனாள். அங்கே சுவரில் அவளுடைய படம் இருக்கிறது. பள்ளி முடித்த நாளில், பச்சைப் புடவையில், நீளப் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு எடுத்தது. அன்று நான் மல்லி வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "எல்லாரும் மதராஸி மதராஸின்னு சிரிப்பாங்க" என்று மறுத்துவிட்டாள்.

"அன்னைக்கு வேணாம்னேன்ல? இப்ப வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே சரத்தை அந்தக் கண்ணாடிமேல், பின்னலின் மேல், டேப் போட்டு ஒட்டினாள். சரம் நீளம். பின்னலுக்குப் போக மீதி சட்டத்தின் இரண்டு பக்கமும் வளைந்து தொங்கியது.

"எடு! எடுட்டி அதை!" என்று நான் கத்தினேன். "படத்துல பூப் போடுவாங்களா? உனக்குப் புத்தியிருக்கா?"

"இரும்மா, அழகாருக்கு. பால் பொங்குது பாரு" என்று அவளே அடுப்பை அணைக்கச் சமையலறைக்குள் ஓடினாள். நான் ஸ்டூலைத் தேடினேன். அதற்குள் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் தீதி. வங்காளிகளுக்கு மறுநாள்தான் புத்தாண்டு, ஆனால் எங்கள் நாளுக்கென்று வருஷா வருஷம் பாயேஷ் என்கிற பால் பாயசம் கொண்டுவருவார். நோய் வந்ததிலிருந்து உள்ளே வரமாட்டார். வாசலில் நான் போட்டிருக்கும் முக்காலியில் வைத்துவிட்டு, அங்கிருந்தே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அன்றும் குனிந்து கிண்ணத்தை வைக்கப்போனவர் நிமிர்ந்தார். என் தோளுக்கு மேல் அவர் பார்வை சுவருக்குப் போனது. கத்தியதில் என் கண்ணில் வேறு நீர். கையில் துண்டு.

கிண்ணம் கீழே விழுந்தது.

"கோபே?" என்றார். எப்போது என்று அர்த்தம். "எனக்கு ஏன் சொல்லலே? ராத்திரி மேலதானே இருந்தேன்... ஒரு சத்தம் கேக்கலையே..." அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த ஊரில் வெள்ளைப் பூச்சரம் போட்ட படத்துக்கு ஒரே அர்த்தம்தான். நம் ஊரிலும் அதேதான். எனக்கு அது தெரிந்துதான் கத்திக்கொண்டிருந்தேன். ஆனால் இன்னொருவர் கண்ணில் அது நடந்து முடிந்ததாகப் பார்த்தபோது, எனக்கும் ஒரு கணம் அது நடந்துவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மகள் கரண்டியோடு வெளியே வந்தாள். முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டு வாசலையும் சிந்திய பாயேஷையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

"காக்கிமா," என்றாள். "ஆமி எகோனோ ஆச்சி." நான் இன்னும் இருக்கிறேன்.

தீதி எழுந்தார். அழுகையும் கோபமுமாக வங்காளியில் வைதார். குரங்குப் பெண்ணே, வெட்கம் கெட்டவளே, உன் அம்மாவைக் கொல்லப் பார்க்கிறாயா, என் நெஞ்சை நிறுத்தப் பார்க்கிறாயா. வைதுகொண்டே விதியெல்லாம் மறந்து உள்ளே வந்து, சரத்தைப் படத்திலிருந்து பிய்த்தார். "ஷாட், ஷாட்" என்று அவள் தலையைச் சுற்றிக் கையை வீசினார். கெட்டது அண்டாமல் இருக்க இங்குள்ள பெண்கள் சொல்கிற வார்த்தை. பிறகு சரத்தைச் சுருட்டி என் கையில் திணித்தார். "பத்திரமா வை. முடி வளரட்டும். தலையில வை. படத்துல இல்ல, தலையில."

பிய்த்த வேகத்தில் சில மொட்டுகள் விழுந்திருந்தன. பாயேஷில் ஒட்டியதைத் தவிர மற்றவற்றை மகள் பொறுக்கி, ஒரு பழைய சந்தேஷ் இனிப்பு டப்பாவில் சரத்தோடு போட்டு வைத்தாள்.

அடுத்த குளிர்காலத்துக்குள் ஊசிகள் முடிந்து மாத்திரைக்கு வந்தோம். அவள் தலையில் முடி முளைத்தது. முன்பு இல்லாத சுருட்டை. யாருடைய முடி இது என்று நாங்கள் கேலி செய்தோம். டாக்டர் பூ வைக்கலாம் என்றார். பூக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஊர்ல ரொம்ப நாள் இருந்துட்டீங்க பௌதி" என்றார். துளசி கீழே வந்தது. தீதி வளர்த்த வளர்ப்பில் இரண்டு பங்காகியிருந்தது. மகள் மறுபடி ஜாதவ்பூருக்குப் போனாள். நானும் நீண்ட விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினேன்; அவள் வீடு திரும்பும்வரை அலுவலகத்தில் மணி பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தும்மல் கேட்டால் தெர்மாமீட்டரோடு நிற்பேன். "அம்மா, தும்மல்னா தும்மல்தான்" என்பாள்.

வெள்ளைச் சரத்தை ஒருநாள் எடுத்தேன். முடி காதைத் தாண்டிவிட்டது, ஊசி நிற்கும்போல் இருந்தது. அவள் சிரித்தாள். "ஒரிஜினல் கிடைக்கும்போது காகிதம் எதுக்கும்மா? வெயில் வரட்டும். சிக்னல்ல பேல் பூ மாலை விப்பாங்கல்ல, அதை வாங்கித் தலை நிறைய வச்சுக்கிறேன்." பேல் பூ என்றால் மல்லிதான். கோடை தொடங்கினால் மாலை வேளையில் வண்டிகள் நிற்கும் இடமெல்லாம் அந்த வாசனை வரும். சரி என்று டப்பாவைப் பரணில் போட்டேன்.

இந்த ஆண்டு சரஸ்வதி பூஜைக்கு அவள் நிஜமான பலாஷை வைத்து அஞ்சலி செய்தாள், தெருவில், மஞ்சள் புடவையில். அதற்குப் பிறகு வழக்கமாக எடுக்கிற இரத்தப் பரிசோதனை. வழக்கமாக அவர்கள் போன் செய்வதில்லை. இந்த முறை செய்தார்கள். எலும்பிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். மறுபடியும் வந்திருக்கிறது என்றார் டாக்டர். இந்த முறை மருந்து கடுமையாக இருக்கும் என்றார். பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை, அவருடைய மேஜையில் கண்ணாடிக் குடுவையில் பிளாஸ்டிக் ரோஜா இருந்தது என்பதைத் தவிர. கார்டன் ரீச்சுக்குப் போன் செய்து என் கணவரிடம் சொன்னேன். "சரி" என்றார். எதற்குச் சரி என்று நானும் கேட்கவில்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார், குடையையும் சாப்பாட்டு டப்பாவையும் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு.

பூக்காரரிடம் சொன்ன மறுநாள் கதவைத் திறந்தேன். கை வழக்கம்போல் கைப்பிடியின் வெளிப்பக்கம் போனது. பித்தளை உலர்ந்து கிடந்தது.

யாருக்கும் நாங்கள் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அன்று காலை தீதி பால் வாங்க இறங்கினார். எங்கள் தளத்தில் அவர் காலடி நின்றது. உள்ளே இருந்து எனக்குக் கேட்டது. அவர் மணி அடிக்கவில்லை. கீழேயும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான்தான் கதவைத் திறந்தேன். அவர் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பால்கனிக்குப் போனார். துளசித் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். முன்பைவிடக் கனம், அவருக்கும் வயது கூடியிருக்கிறது. நான் பிடிக்கப் போனேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, படிக்குப் படி நின்று நின்று ஏறினார். இந்த முறை தண்ணீர் விடுவேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தின நாள் சாயங்காலம் மகள் நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து சந்தேஷ் டப்பாவை இறக்கினாள். அதை என் மடியில் வைத்துவிட்டு, என் முன்னால் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"வச்சு விடு."

"காகிதம்தானேட்டி."

"பேல் பூ வர இன்னும் நாளிருக்கு. முடி அதுவரைக்கும் இருக்காது." சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் வர நேரமாகும் என்பதுபோல. "இன்னைக்கு இருக்குல்ல. வை."

சரம் மஞ்சளடித்திருந்தது. மெழுகு தூசியைப் பிடித்து நூல் கருத்திருந்தது. அதில் இறுக்கமான மொட்டுகள் என்னுடையவை, வாய் திறந்தவை அவளுடையவை என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடிந்தது. அவளுடையவைதான் மல்லி மாதிரி இருந்தன. சுருட்டை முடியை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, ரப்பர் போட்டு, சரத்தை மடித்துச் சுற்றினேன். ஊசி முதலில் நிற்கவில்லை. இறுக்கப் போனேன்.

"இழுக்காத" என்றாள்.

விட்டேன். நின்றது. குனிந்து முகர்ந்தேன், பழக்கம்தான். மெழுகும் ஷாம்புவும் மணத்தன.

அவர் போனை எடுத்துக்கொண்டு வந்தார். "திரும்பு, ஒண்ணு எடுத்துக்கறேன்." அவள் கையால் முகத்தை மறைத்தாள். "போட்டோ வேண்டாம்ப்பா. நேர்ல பாருங்க." அவர் போனைப் பையில் போட்டுவிட்டு, எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாதவர்போல் முதலில் தலையை, பிறகு முகத்தை.

"காக்கிமாகிட்ட காட்டிட்டு வரேன்" என்று அவள் எழுந்தாள். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் மெதுவாகத்தான் ஏறினாள், பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். பின்னந்தலையில் அந்தச் சரம் ஆடாமல் இருந்தது. பூவின் கனம் அதற்கு இல்லை. மேலே மணி அடித்தது. கதவு திறந்த சத்தம் கேட்டது. தீதியின் குரலுக்காகக் காத்திருந்தேன். பிறகு வந்தது, மிகவும் தாழ்ந்த குரலில், குழந்தையைத் தூங்கவைப்பதுபோல, திரும்பத் திரும்ப: "ஷாட், ஷாட். ஷாட், ஷாட்."

இப்போது அவள் வார்டில் இருக்கிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் முறை வைத்து உட்காருகிறோம். முடி உதிரத் தொடங்கிவிட்டது என்று நேற்று சைகையில் காட்டினாள். சரத்தை அவளோடு எடுத்துப் போக மருத்துவமனையில் விடவில்லை. காகிதம்தான், ஆனாலும் தூசி. அது டப்பாவில், சாமி அலமாரியில் இருக்கிறது. கழற்றும்போது அவளுடைய மொட்டுகளில் இரண்டு நழுவி வெளியே வந்துவிட்டன. நூலில் மறுபடி செருகி வைத்திருக்கிறேன். இழுத்து முடிச்சுப் போடவில்லை.